பழைய ஆசிலாஸ்கோப்பில் எல்லா கெபாசிட்டரையும் மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகள் அலமாரியில் சும்மா கிடந்த டெக்ட்ரானிக்ஸ் 465 ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி) ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் டிரேஸ் (திரையில் ஓடும் ஒளிக்கோடு) வந்தது, பத்து நிமிடம் நன்றாக ஓடியது, பிறகு திரை இருண்டுவிட்டது. பவர் விளக்கு இன்னும் எரிகிறது, பியூஸ் போகவில்லை. "பழைய செட்டா, எல்லா கெபாசிட்டரையும் மாற்று, சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அறுபது கெபாசிட்டர் வாங்கி வைத்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், எச்பி 3478ஏ மல்டிமீட்டர் ஒன்றும் இருக்கிறது, அதன் பேட்டரியையும் இதோடு மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதிகக் கவலை தந்தது அந்தக் கடைசி வரிதான். அதற்குப் பிறகு வருகிறேன். அதுவரை தயவுசெய்து அந்த மீட்டரைத் திறக்க வேண்டாம்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கு டிரேஸ் ஏன் போனது என்று கண்டுபிடிப்பது ஒன்று. ஐம்பது வயதான ஒரு கருவியை இன்னும் பல ஆண்டுகளுக்கு நம்பிப் பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவருவது இன்னொன்று. இரண்டும் தேவையான வேலைகள்தான். ஆனால் முதல் வேலை முடியும் முன் இரண்டாவதில் கை வைத்தால் இரண்டுமே கெட்டுப்போகும். அறுபது பாகங்களை ஒரே மூச்சில் மாற்றிய பிறகும் செட் ஓடவில்லை என்றால், பழைய கோளாறு அப்படியே இருக்கிறதா, நாம் புதிதாக ஒன்றைச் சேர்த்துவிட்டோமா என்று பிரித்துச் சொல்ல வழியே இருக்காது.

இதை நான் கைப்பட அனுபவித்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டர் வந்தது. சில சமயம் வேலை செய்யும், மேசையைத் தட்டினால் நின்றுவிடும். நான் அளக்கவே இல்லை. இரண்டு மாலைகளில் நாற்பது கெபாசிட்டர்களுக்கு மேல் மாற்றினேன். முடித்துச் சுவிட்சைப் போட்டபோது முன்பு சில சமயமாவது வந்த சிக்னல் அடியோடு வரவில்லை. ஒரு கெபாசிட்டரை இழுத்து எடுத்தபோது, போர்டின் மேல் டிராக்கையும் கீழ் டிராக்கையும் இணைக்கும் துளையின் உள்பூச்சு அதன் காலோடு சேர்ந்து வந்திருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க மூன்று நாள் ஆனது. எல்லாம் முடிந்து பார்த்தால் முதலில் வந்த கோளாறு அப்படியே இருந்தது. டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பின்னில் டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு. ஒரு நிமிட வேலை. அன்றிலிருந்து, அளந்து உறுதி செய்யாத ஒரு பாகத்தையும் பழுதுபார்க்கும் நேரத்தில் கழற்றுவதில்லை. இதற்கு விதிவிலக்குகள் உண்டு, கீழே சொல்கிறேன்.

சரி, உங்கள் ஸ்கோப்புக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலிருந்தே சில விஷயங்கள் உறுதியாகத் தெரிகின்றன. பத்து நிமிடம் நல்ல டிரேஸ் வந்தது என்றால் பிக்சர் டியூப், ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர், வெர்டிகல், ஹரிசான்டல் ஆம்ப்ளிபயர்கள் எல்லாம் அந்தப் பத்து நிமிடமும் உயிரோடு இருந்தன. இது பெரிய நல்ல செய்தி, ஏனென்றால் இவற்றில் சிலவற்றுக்கு இன்று மாற்றுப் பாகமே கிடைப்பது அரிது. மின்சாரமும் சூடும் பட்டதும் ஏதோ ஒன்று நிலை மாறியிருக்கிறது. அது எது என்று இங்கே உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. இந்தக் காலத்துக் கருவிகளில் சப்ளை லைனில் (பாகங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையில்) இருக்கும் டான்டலம் உலோகக் கெபாசிட்டர் ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது, பியூஸ் போகாததும் அதற்குப் பொருந்துகிறது. காரணம், ரெகுலேட்டரின் (வோல்டேஜை ஒரே அளவில் வைத்திருக்கும் பகுதியின்) கரண்ட் லிமிட் முந்திக்கொண்டு வோல்டேஜை இறக்கிவிடும். அந்த அதிகக் கரண்ட் பியூஸ் வரை போகாது. ஆனாலும் இது சந்தேகம் மட்டுமே. ஹை வோல்டேஜ் ஆசிலேட்டர் நின்றாலும் இதே அறிகுறிதான் தெரியும், சாக்கெட்டில் ஒரு டிரான்சிஸ்டர் லூசாக இருந்தாலும் இதே அறிகுறிதான்.

மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் பீம் ஃபைண்ட் என்ற பட்டன் இருக்கும். இன்டென்சிட்டியை நடுவுக்குக் கொஞ்சம் மேலே வைத்து, டிரிகரை (டிரேஸ் எப்போது ஓடத் தொடங்குவது என்று தீர்மானிக்கும் பகுதியை) ஆட்டோவில் போட்டு, அந்தப் பட்டனை அழுத்திப் பாருங்கள். திரைக்கு வெளியே போய்விட்ட டிரேஸை அது சுருக்கி உள்ளே இழுத்துக் காட்டும். மேலேயோ கீழேயோ ஒரு மூலையில் ஒளி தெரிந்தால் டியூபும் ஹை வோல்டேஜும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டிரேஸை நகர்த்தும் ஆம்ப்ளிபயரில் இருக்கிறது. எதுவுமே தெரியவில்லை என்றால் சப்ளை, ஹை வோல்டேஜ், அல்லது பீமை அணைத்து ஏற்றும் சர்க்யூட். தேட வேண்டிய இடம் இந்த ஒரு பட்டனிலேயே பெருமளவு சுருங்கிவிடுகிறது.

திறக்கும் முன் பாதுகாப்பு பற்றி. இந்த ஸ்கோப்பில் டியூபின் கேத்தோடில் மைனஸ் 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆனோடில் 15,000 வோல்ட்டைத் தாண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் அந்தச் சார்ஜ் தங்கும். ஹை வோல்டேஜ் பகுதியை மூடியிருக்கும் கவசத்தை இப்போது கழற்றத் தேவையில்லை, கழற்றவும் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைக்கவே கூடாது. பெரும்பாலான மீட்டர்களின் எல்லை 1,000 வோல்ட், அதற்கு மேல் போனால் மீட்டர் மட்டுமல்ல, அதைப் பிடித்திருக்கும் கையும் ஆபத்தில். மின்சாரம் இருக்கும்போது அளந்தால் ஒரு கை பின்னால் இருக்கட்டும், மோதிரம், உலோகக் கடிகாரம் கழற்றி வையுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டு ஸ்கோப்பை மிதக்கவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள், கருவியின் முழு உடம்பும் லைவாகிவிடும் வாய்ப்பு உண்டு. பழைய கருவிகளில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்: சில பவர் டிரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்சைடால் ஆனது, உடைத்தாலோ அரத்தால் ராவினாலோ அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. தட்டுத் தட்டாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் கருகினால் வரும் நாற்றப் புகையையும் சுவாசிக்கக் கூடாது. உடனே அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்து சர்வீஸ் மேனுவல். டெக்விக்கி என்ற தளத்திலும், பழைய கருவிகளின் மேனுவல்களைச் சேர்த்து வைத்திருக்கும் பாமா போன்ற காப்பகங்களிலும் இலவசமாகவே கிடைக்கும். இறக்கியதும் உங்கள் கருவியின் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே மாடலுக்குள் சர்க்யூட் பல முறை மாறியிருக்கும், மாற்றங்கள் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். உங்கள் எச்பி மீட்டருக்கும் இது பொருந்தும். எச்பியின் பழைய சீரியல் நம்பரில் முதல் இரண்டு இலக்கத்தோடு 60-ஐக் கூட்டினால் ஆண்டு, அடுத்த இரண்டு இலக்கம் வாரம். 2301ஏ என்று தொடங்கினால் 1983-ஆம் ஆண்டின் முதல் வாரம். அந்தத் தொகுதியின் வடிவமைப்பு கடைசியாக மாறிய காலத்தை அது சொல்கிறது. தவறான பதிப்பின் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு, அதில் உள்ள ரெசிஸ்டர் போர்டில் இல்லையே என்று அரை நாள் தேடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பது.

மேனுவல் கையில் வந்த பிறகு முதல் அளவு சப்ளை வோல்டேஜ்கள். 465-இல் மைனஸ் 8, பிளஸ் 5, 15, 55, 110 என்று ஐந்து லைன்கள். இதில் 55 வோல்ட் லைன்தான் மற்றவற்றுக்கு ஆதாரம். அது சரிந்தால் மற்றவையும் அதைத் தொடர்ந்து தவறும். ஆகவே ஐந்தும் தவறாக இருந்தால் ஐந்து கோளாறு என்று மலைத்துவிடாமல் 55-லிருந்து தொடங்குங்கள். அது சரியாக இருந்து ஒரே ஒரு லைன் மட்டும் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று படுத்துக் கிடந்தால் அந்த லைனில் எங்கோ ஷார்ட். எல்லாம் சரியான அளவு காட்டினாலும் அங்கேயே நின்றுவிடாதீர்கள். இன்னொரு ஸ்கோப் கிடைத்தால் ஒவ்வொரு லைனிலும் ரிப்பிளை (டி.சி.-யின் மேல் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கத்தை) பாருங்கள். ஃபுல் வேவ் ரெக்டிஃபயர் என்பதால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100 ஹெர்ட்ஸ், 60-இல் 120 ஹெர்ட்ஸ் ரிப்பிள் பெரிதாகத் தெரிந்தால் ஃபில்டர் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கிறது. அதில் பாதி அலைவரிசையில் (50 அல்லது 60 ஹெர்ட்ஸில்) ரிப்பிள் தெரிந்தால் பிரிட்ஜில் ஒரு டையோடு ஓபன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது கெபாசிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

சீரிஸ் பல்பு பற்றிக் கேட்டவர்கள் உண்டு, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இழை பல்பைத் தொடராகப் போட்டு முதல் முறை சுவிட்சைப் போடுவது நல்ல பழக்கம்தான். பல்பு ஒரு நொடி மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், பெரிய ஃபில்டர் பக்கம் ஷார்ட். ஆனால் ரெகுலேட்டருக்கு அப்பால் இருக்கும் ஷார்ட்டை இந்தப் பல்பு பெரும்பாலும் காட்டாது. பல்பு மங்கலாக இருப்பதைப் பார்த்து எல்லாம் நலம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்னொன்று, ஸ்விட்சிங் சப்ளை உள்ள கருவிகளுக்கு வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரில்) மெதுவாக ஏற்றும் முறை ஆகாது. உள்ளே வரும் வோல்டேஜ் குறைந்தால் அவை அதிகக் கரண்டை இழுக்கும். உங்கள் 465 டிரான்ஸ்ஃபார்மர் போட்ட சாதாரண லீனியர் சப்ளை, அதனால் அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு லைன் ஷார்ட் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டான்டலமாகக் காலைத் தூக்கிப் பார்ப்பதுதான் பலர் செய்வது. போர்டுக்கு அது வன்முறை. அதற்குப் பதிலாக நான் செய்வது இது. மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவேன். பெஞ்ச் சப்ளையை அரை வோல்ட்டுக்கும், கரண்ட் லிமிட்டை ஒரு ஆம்பியருக்கும் வைத்து, அந்த லைனுக்கும் கிரவுண்டுக்கும் சரியான துருவத்தில் இணைப்பேன். அரை வோல்ட் என்பதால் நல்ல டிரான்சிஸ்டர்கள் எதுவும் விழித்துக்கொள்ளாது, ஷார்ட்டான பாகம் மட்டும்தான் கரண்டை விழுங்கும். மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்து, கறுப்பு புரோபை சப்ளை உள்ளே நுழையும் இடத்திலேயே பிடித்துக்கொண்டு, சிவப்பு புரோபை டிராக்கின் மேல் நகர்த்திக்கொண்டே போவேன். 0.8, 1.5, 2.9, 4.1 என்று எண் ஏறிக்கொண்டே வரும். ஒரு கிளையில் எண் நின்றுவிட்டால் அந்தக் கிளையில் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். திரும்பி வந்து அடுத்த கிளை. எந்த இடத்தில் எண் கடைசியாக ஏறி, அதைத் தாண்டியதும் அசையாமல் நிற்கிறதோ, அங்கே காலூன்றி நிற்கும் பாகம்தான் ஷார்ட். பெரும்பாலும் அது ஒரு சொட்டு வடிவ டான்டலமாக இருக்கும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் கூட இருக்காது, புதிதுபோலப் பளபளக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஷார்ட் முழுமையாக இல்லாமல் பத்து, இருபது ஓம் இருந்தால் இந்த முறையில் கரண்ட் போதாது, எண் அசையாது. அப்போது வோல்டேஜை அந்த லைனின் உண்மையான அளவைத் தாண்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எது சூடாகிறது என்று விரல் நுனியாலோ வெப்பக் கேமராவாலோ பார்க்க வேண்டியிருக்கும்.

மாற்றும் டான்டலத்துக்கு லைன் வோல்டேஜைப் போல் இரண்டு மடங்கு ரேட்டிங் இருக்கட்டும். பழையது ஏன் போனது என்பதிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மிக மெல்லியது. நீண்ட காலம் சும்மா இருந்து, பிறகு திடீரென்று சுவிட்சைப் போடும்போது பாயும் கரண்டில் படலத்தின் பலவீனமான புள்ளி உடைகிறது. கரண்டுக்குத் தடை இல்லாத சப்ளை லைனில் அந்த உடைவு தானாக ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அலுமினியம் எலக்ட்ரோலைட்டிக் போட்டாலும் பல இடங்களில் சரியாகவே இருக்கும், கொஞ்சம் பெரிய மதிப்பாகப் போடுங்கள். ஆனால் ரெகுலேட்டரின் வெளியீட்டிலேயே இருக்கும் கெபாசிட்டருக்குப் பதிலாக செராமிக் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். சில பழைய ரெகுலேட்டர்கள் நிலையாக இருக்கவே அந்தக் கெபாசிட்டரின் உள்தடையைத்தான் நம்பியிருக்கின்றன. உள்தடை மிகக் குறைந்துவிட்டால் ஆசிலேட் ஆகத் தொடங்கும்.

இப்போது நீங்கள் வாங்கி வைத்திருக்கும் அறுபது கெபாசிட்டர்கள். அளக்காமலே மாற்றலாம் என்று நான் சொல்லும் விதிவிலக்குகள் இங்கேதான் வருகின்றன. ரிஃபா நிறுவனத்தின் பி.எம்.இ. 271 வகை, மெயின்ஸ் நுழையும் இடத்தில் இருக்கும் மஞ்சள் நிற, உள்ளே தெரியும் கெபாசிட்டர்கள்: அவற்றின் மேல் உறை வெடித்து, உள்ளே இருக்கும் காகிதம் ஈரத்தை இழுத்து, ஒருநாள் புகையோடு போகும். வெடிப்புக் கோடு தெரிந்தால் மட்டுமல்ல, தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். ஆனால் பழையதன் மேல் குறித்திருக்கும் அதே வகை (எக்ஸ் அல்லது ஒய்) மெயின்ஸ் பாதுகாப்பு கெபாசிட்டரைத்தான் போட வேண்டும். அடுத்தது 1980-களின் பிற்பகுதியில் வந்த, போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் சின்ன அலுமினியக் குப்பி எலக்ட்ரோலைட்டிக்குகள். அவை கசிந்து டிராக்கைத் தின்றுவிடும். டெக்ட்ரானிக்ஸ் 2465பி-இன் கன்ட்ரோல் போர்டில் இது எல்லோரும் அறிந்த நோய். அங்கே மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் போர்டே போய்விடும். வால்வு காலத்துக் கருவியாக இருந்தால், ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து அடுத்த வால்வின் கிரிட்டுக்குப் போகும் காகிதக் கெபாசிட்டர்களையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். அவை லீக் ஆனால் வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து பலியாகும்.

மறுபக்கம், தொடவே கூடாதவை. செராமிக் டிஸ்க், மைக்கா, பாலிஸ்டைரீன், ஃபிலிம் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் உங்களையும் என்னையும் தாண்டி வாழும். டைமிங் பகுதியில் இருக்கும் துல்லியமான கெபாசிட்டரைப் புதிது என்பதற்காக மாற்றினால் ஸ்வீப் வேகம் (டிரேஸ் திரையின் குறுக்கே ஓடும் வேகம்) தவறிவிடும். நடுவில் இருப்பவைதான் தீர்ப்பு சொல்லக் கடினமானவை: பெரிய அலுமினியக் குடுவை ஃபில்டர்கள். நான் பார்த்தவரை அவற்றில் நிறைய இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஆனால் எல்லாம் அல்ல. ரிப்பிளையும் இ.எஸ்.ஆரையும் (கெபாசிட்டரின் உள்தடையையும்) அளந்து முடிவு செய்யுங்கள். கழற்ற வேண்டி வந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சில கருவிகளில் அந்தக் குடுவையின் பல கால்கள் போர்டின் ஒரு கிரவுண்டையும் இன்னொரு கிரவுண்டையும் இணைக்கும் பாலமாகவும் இருக்கும். இரண்டே காலுள்ள புதிய கெபாசிட்டரைப் போட்டுவிட்டு அந்தப் பாலத்தைத் திரும்பப் போடாவிட்டால், செட்டில் புதிய கோளாறு ஒன்று பிறக்கும்.

சப்ளைகள் எல்லாம் சரி, ஆனாலும் டிரேஸ் இல்லை, பீம் ஃபைண்ட் ஒரு ஓரத்தில் ஒளி காட்டுகிறது என்றால் வேலை இன்னும் சுவையானது. வெர்டிகல் ஆம்ப்ளிபயர் முழுக்க இரட்டைப் பாதை. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். நன்றாக இருக்கும் ஸ்டேஜில் இரண்டு பக்கத்தின் டி.சி. வோல்டேஜும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், இரண்டு பக்க டிரான்சிஸ்டர்களின் பேஸ் கால்களையும் ஒரு சின்ன வயரால் இணைத்தால் ஒன்றும் ஆகாது. கடைசி ஸ்டேஜிலிருந்து தொடங்குங்கள். இணைத்ததும் டிரேஸ் நடுவுக்கு வந்தால் அந்த ஸ்டேஜும் அதற்குப் பின்னால் டியூப் வரை உள்ளதும் நலம். ஒரு படி முன்னால் போய் மறுபடி இணையுங்கள். எந்த இடத்தில் டிரேஸ் நடுவுக்கு வர மறுக்கிறதோ, கோளாறு அந்த இடத்துக்கும் முந்தி இணைத்த இடத்துக்கும் நடுவில். ஒரே வயரை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் ஒரு ஸ்டேஜ் வரை சுருக்கிவிடலாம். வயரின் இரு முனையிலும் சின்ன கிளிப் இருக்கட்டும், சுவிட்சை அணைத்துவிட்டு மாட்டுங்கள். கை நழுவிப் பக்கத்துக் காலைத் தொட்டால் ஒரு நல்ல டிரான்சிஸ்டர் போய்விடும்.

அந்த ஸ்டேஜில் டிரான்சிஸ்டரைச் சந்தேகிக்கும் முன் அதன் சாக்கெட்டைச் சந்தேகியுங்கள். 465-இல் பல டிரான்சிஸ்டர்கள் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றன. முதலில் தெளிவாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, காலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அதே திசையில் திரும்பப் போடுங்கள். சூடானதும் போய், ஆறினால் வரும் கோளாறுகள் இதிலேயே தீர்வது நிறைய. ரேஞ்ச் சுவிட்சுகளில் இருப்பவை தங்க முலாம் பூசிய மெல்லிய விரல்கள். உப்புத்தாள் கூடவே கூடாது. விசிட்டிங் கார்டு தாளை மெல்லிய துண்டாக வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, விரலுக்கு அடியில் நுழைத்து மெதுவாக இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு ஒன்று வரும். அது வராமல் போகும் வரை இரண்டு மூன்று முறை. கான்டாக்ட் கிளீனரை அட்டெனுவேட்டருக்குள் (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் பகுதிக்குள்) பீய்ச்ச வேண்டாம். ஒரு மெகாஓம் உள்தடை உள்ள இடத்தில் எண்ணெய்ப் படலம் தங்கினால் அளவே மாறிவிடும்.

நீங்கள் அனுப்பிய போட்டோவில் ஒரு டிரிம்மர் (அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு) பக்கத்தில் திருப்புளி வைத்திருப்பதைப் பார்த்தேன். அதைத் திருப்பியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டிரேஸ் காணாமல் போனதற்கு டிரிம்மர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை தானாக அவ்வளவு தூரம் நகர்வதில்லை. 100 மெகாஹெர்ட்ஸ் வரை தட்டையாக இருக்க வேண்டிய ஆம்ப்ளிபயரில் அந்தச் சின்னத் திருகுகளைத் திரும்பச் சரிசெய்ய வேகமான எட்ஜ் தரும் பல்ஸ் ஜெனரேட்டர் வேண்டும். அது இல்லாமல் திருப்பினால் திரும்பி வர வழியில்லை. அதேபோல டிரிகர் பகுதியில் இருக்கும் டன்னல் டையோடுகளை ஓம்மீட்டரால் சோதிக்காதீர்கள். மீட்டர் தரும் கரண்டே அவற்றைக் கெடுத்துவிடலாம், அவற்றுக்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு.

வால்வு காலத்து டெக்ட்ரானிக்ஸ் ஒன்று பின்னாளில் உங்களிடம் வந்தால் நினைவில் வைத்துக்கொள்ள ஒன்று: அவற்றில் பாகங்கள் வெள்ளைப் பீங்கான் பட்டைகளின் பள்ளங்களில் பற்ற வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் இருப்பது வெள்ளிப் பூச்சு. சாதாரண சால்டர் அந்த வெள்ளியைக் கரைத்து உரித்துவிடும், 3 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர்தான் வேண்டும். அதற்காகவே அந்த நிறுவனம் கருவியின் உள்ளேயே ஒரு சிறு சுருள் வைத்து அனுப்பியது. பின்னாளில் யாரோ ஒருவர் நமக்குத் தெரியாமல் இதைத் திறப்பார் என்று யோசித்துச் செய்த அந்த ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடுகிறது.

கடைசியாக அந்த 3478ஏ. இதில் டிரிம்மர் கிடையாது. மீட்டரின் கேலிபரேஷன் (அளவுத் திருத்த) எண்கள் முழுவதும் ஒரு சின்ன மெமரியில், 256 அரை பைட்டுகளில் இருக்கின்றன. அந்த மெமரியை உயிரோடு வைத்திருப்பது போர்டில் பற்ற வைத்திருக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. அதை அப்படியே கழற்றினால் எண்கள் அழிந்துவிடும், மீட்டர் நன்றாக இருந்தும் கேலிபரேஷன் இல்லாத மீட்டராகிவிடும். முதல் வேலை, பின்பக்கம் உள்ள ஜி.பி.ஐ.பி. இணைப்பின் வழியாக அந்த 256 மதிப்புகளைக் கணினியில் படித்துச் சேமிப்பது. அதற்கான நிரல்களைப் பலர் எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள், யாரிடமாவது அடாப்டர் இரவல் கிடைத்தால் போதும். இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரி: வெளியிலிருந்து 3 வோல்ட்டை ஒரு டையோடு வழியாக இணையாகக் கொடுத்து, சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் பழையதை எடுத்துப் புதியதைப் போடுங்கள். முன்பக்கத்தில் திருப்புளியால் திருப்பும் கேலிபரேஷன் சுவிட்ச் ஒன்று இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் இந்த வேலை நடக்கும்போது அதைத் தொடாதீர்கள். அடாப்டர் கிடைக்கும் வரை பேட்டரியின் வோல்டேஜை மட்டும், அதிக உள்தடை உள்ள மீட்டரால் புரோப் வழுக்காமல் அளந்து பாருங்கள். 3 வோல்ட்டுக்குக் கிட்ட இருந்தால் அவசரம் இல்லை.

ஸ்கோப்புக்கு இன்று செய்ய வேண்டியது இரண்டு வேலைகள். பீம் ஃபைண்டை அழுத்தினால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து ஐந்து வோல்டேஜையும் அளந்து, சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்றும் எழுதுங்கள். பிளஸ் 5 லைனில் இயல்பாகவே ஓம் குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். இந்தப் பதினொரு தகவலும் வந்தால் அடுத்து எங்கே புரோபை வைப்பது என்று என்னால் சொல்ல முடியும்.